கழிக்கத் தெரிந்த பிள்ளை 'சப்ட்ராக்ட்' கணக்கில் தடுக்கி விழுவது ஏன்? பயிற்றுமொழி மாற்றம்: ஒரு விளக்கம்

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் வீட்டில் வளரும் பிள்ளையிடம், ஒரு கட்டுக்கு 25 பீடி என்றால் ஆயிரம் பீடிக்கு எத்தனை கட்டு என்று கேட்டுப் பாருங்கள். விரலை மடக்காமலே நாற்பது என்று சொல்லிவிடும். அதே பிள்ளை ஆறாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறுகிறது. அதே வகுத்தல் ஆங்கிலத்தில் மூன்று வரிக் கணக்காக வருகிறது. 1000ஐயும் 25ஐயும் பெருக்கி எழுதி வைத்துவிட்டு வந்துவிடுகிறது. காலாண்டு விடைத்தாளைப் பார்த்த பெற்றோர் "கணக்கு ஏறவில்லை" என்று முடிவு கட்டிக் கணக்கு டியூஷனுக்கு அனுப்புகிறார்கள். கணக்கு ஏற்கெனவே ஏறித்தான் இருக்கிறது. அதனால் டியூஷனில் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வீண்.

அரசுப் பள்ளிகளில் 2012-13 கல்வியாண்டு முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் படிப்படியாகப் பரவின. அதற்கு வெகுகாலம் முன்பே மெட்ரிக் பள்ளிகள் வந்துவிட்டன. பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், வள்ளியூர், நாங்குநேரி என்று எந்த ஊரானாலும் ஜூன் மாதத்தில் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: தமிழ் வழியா, ஆங்கில வழியா? எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையல்ல. மொழி மாறும்போது பாடத்துக்குள் என்ன நடக்கிறது, அது எங்கே போய் முடிகிறது என்பதை மட்டும் பார்ப்போம்.

முதலில் இரண்டு சொற்கள்

மொழிப்பாடம் என்பது ஒரு மொழியைக் கற்பது. பயிற்றுமொழி என்பது மற்றப் பாடங்களைச் சொல்லித்தரும் மொழி. தமிழ் வழிப் பள்ளியிலும் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் மொழிப்பாடமாக உண்டு. எனவே "தமிழ் வழியில் சேர்த்தால் ஆங்கிலம் வராது" என்ற பேச்சு இவை இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருவது. ஆங்கிலம் வருவதும் வராததும் ஆங்கில வகுப்பு எப்படி நடக்கிறது என்பதைப் பொறுத்தது. அறிவியலையும் கணக்கையும் ஆங்கிலத்தில் நடத்தினால் ஆங்கிலம் தானாக ஒட்டிக்கொள்ளும் என்பது ஒரு நம்பிக்கை. ஒட்டிக்கொள்ளவும் செய்யலாம், பாடத்தைக் கரைத்துவிடவும் செய்யலாம்.

பேசுகிறான், ஆனால் புரியவில்லை

கனடாவைச் சேர்ந்த கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் ஒரு வேறுபாட்டை முன்வைத்தார். அன்றாடப் பேச்சுக்கு வேண்டிய மொழித்திறன் வேறு, பாடம் படிக்க வேண்டிய மொழித்திறன் வேறு. முதலாவது, புது மொழி பேசும் சூழலில் இருக்கும் பிள்ளைக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும். இரண்டாவது வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும்.

இந்த எண்களை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து நம் ஊரில் வைக்கக் கூடாது. அவை கனடாவில் குடியேறிய பிள்ளைகளைப் பற்றியவை. அங்கே கடைக்காரர், பஸ் ஓட்டுநர், விளையாட்டுத் தோழன் எல்லாரும் ஆங்கிலம் பேசுவார்கள். கல்லிடைக்குறிச்சிப் பிள்ளைக்கு ஆங்கிலம் காதில் விழுவது வகுப்பறையில் மட்டும்தான், அங்கேயும் பாதி நேரம்தான். அப்படியானால் நம் பிள்ளைக்கு ஆகும் காலம் கூடத்தான் செய்யும். ஆனால் ஆறாம் வகுப்பில் மாறிய பிள்ளை ஐந்தே ஆண்டுகளில் பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வை எழுதியாக வேண்டும்.

வீட்டுக்கு வந்த உறவினரிடம் பிள்ளை நான்கு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசிக் காட்டினால் வீடே மகிழ்கிறது. அது முதல் வகைத் திறன். அறிவியல் புத்தகத்தின் ஒரு பத்தியைக் கொடுத்து, "இதில் என்ன சொல்லியிருக்கிறது, தமிழில் சொல்" என்று கேட்டால்தான் இரண்டாவது வகை எந்த அளவில் இருக்கிறது என்பது தெரியும்.

இன்னோர் அளவுகோலும் உண்டு. யார் துணையும் இல்லாமல் ஒரு பகுதியைப் படித்துப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் 95 முதல் 98 விழுக்காடு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும் என்பது சொல்வளம் பற்றிய ஆய்வுகளின் முடிவு. 200 சொற்கள் கொண்ட பக்கத்தில் தெரியாத சொற்கள் நான்கிலிருந்து பத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பிள்ளை படிப்பதில்லை, ஊகிக்கிறது.

கால் தடுக்கும் இடங்கள்

1. சொற்களின் வரிசை. கணக்கில் பெரும் தொல்லை இதுதான், ஆனால் இதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. "12இலிருந்து 5ஐக் கழி" என்று தமிழில் சொன்னால் எண்கள் வரும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒன்று: 12 − 5. ஆங்கிலத்தில் 'சப்ட்ராக்ட் ஃபைவ் ஃப்ரம் ட்வெல்வ்' என்று ஐந்து முன்னால் வந்து நிற்கிறது. காதில் விழுந்தபடி எழுதும் பிள்ளை 5 − 12 என்று எழுதும். இயற்கணிதம் வந்ததும் இது முற்றுகிறது. "x-ஐவிட 5 குறைவு" என்பதைத் தமிழ்ப் பிள்ளை x − 5 என்று எழுதிவிடும். 'ஃபைவ் லெஸ் தேன் எக்ஸ்' என்று கேட்டால் 5 − x என்று எழுதுவது மிகச் சாதாரணமான தவறு. இது மக்குத்தனமல்ல. இரண்டு மொழிகளின் இலக்கணம் எதிரெதிர்த் திசையில் ஓடுவதன் விளைவு. நியாயமாகச் சொல்வதானால் பின்னத்தில் கதை தலைகீழ். ஆங்கிலம் மேலே உள்ள எண்ணை முதலில் சொல்கிறது. தமிழில் "நான்கில் மூன்று" என்று கீழே உள்ளது முதலில் வருகிறது. அங்கே தமிழ் வழிப் பிள்ளைதான் எண்களை மாற்றி எழுதும்.

2. தெரிந்த சொல், தெரியாத பொருள். 'பவர்' என்றால் வீட்டில் மின்சாரம், கணக்கில் அடுக்கு, இயற்பியலில் திறன். 'வால்யூம்' என்றால் டிவியின் சத்தம், கணக்கில் கன அளவு. 'சொல்யூஷன்' என்பது கணக்கில் தீர்வு, வேதியியலில் கரைசல். 'ஸ்டேட்' என்று தொடங்கும் வினா மாநிலத்தைக் கேட்கவில்லை, விதியைக் கூறச் சொல்கிறது. உவரிக் கடற்கரைப் பிள்ளைக்கு 'மீன்' என்றால் சாளையும் நெத்திலியும்தான். புள்ளியியலில் அது சராசரி. முற்றிலும் புதிய சொல்லாக இருந்தால் பிள்ளை கேட்டுத் தெரிந்துகொள்ளும். தெரிந்ததுபோல் இருப்பதால் கேட்காமலே கடந்துபோகிறது.

3. சின்னச் சொற்கள். வாழைத்தார் விலை 200 ரூபாய். அது 'இன்க்ரீஸ்ட் பை 250' என்றால் புதிய விலை 450. 'இன்க்ரீஸ்ட் டு 250' என்றால் 250. 'பை', 'டு' என்ற இரண்டு எழுத்துச் சொற்களில் 200 ரூபாய் வித்தியாசம் இருக்கிறது. தமிழில் இந்த வேலையை "250 உயர்ந்தது", "250 ஆக உயர்ந்தது" என்பதில் உள்ள 'ஆக' செய்கிறது. 'அட் லீஸ்ட்', 'அட் மோஸ்ட்', 'அன்லெஸ்', 'ஈச்', 'ரெஸ்பெக்டிவ்லி' எல்லாம் இந்த இனம். எந்தப் பாடத்தின் கலைச்சொல் பட்டியலிலும் இவை இருக்காது. யாரும் சொல்லித்தருவதும் இல்லை. கணக்கு ஆசிரியர் இதை ஆங்கில ஆசிரியரின் வேலை என்று நினைக்கிறார், ஆங்கில ஆசிரியருக்குக் கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேலையில்லை.

4. கலைச்சொற்கள். பலர் இதைத்தான் முதல் சிக்கலாகச் சொல்வார்கள். என் கணிப்பில் இது கடைசி. 'ஃபோட்டோசிந்தசிஸ்' என்ற சொல் தமிழ்ப் பிள்ளைக்கு வெறும் ஒலிக்கோவை. ஒளிச்சேர்க்கை என்றால் ஒளியும் தெரியும், சேர்க்கையும் தெரியும், உண்மைதான். ஆனால் கலைச்சொற்கள் எண்ணிவிடக் கூடியவை, கரும்பலகையில் எழுதிப்போடக் கூடியவை. உழைத்தால் வந்துவிடும்.

எல்லாத் தடுமாற்றத்தையும் மொழியின் தலையில் கட்டவும் முடியாது. அசையாத சுவரை நாள் முழுக்கத் தள்ளிக்கொண்டு நின்றாலும் செய்த வேலை பூஜ்ஜியம் என்று இயற்பியல் சொல்கிறது. அதைத் தமிழில் கேட்டாலும் ஆங்கிலத்தில் கேட்டாலும் பிள்ளை முழிக்கத்தான் செய்யும். அங்கே கடினமாக இருப்பது கருத்து.

தமிழ் வழியிலும் ஒரு தூரம் உண்டு

பாடநூல் தமிழ் யாருடைய வீட்டிலும் பேசப்படுவதில்லை. 'அங்கன', 'இங்கன' என்று வளரும் நெல்லைப் பிள்ளைக்குத் திசைவேகமும் முடுக்கமும் புதுமொழிதான். முடுக்கு என்றால் இங்கே இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே போகும் குறுகலான சந்து. வண்டி மாட்டை முடுக்குவது என்ற பழைய வழக்கிலிருந்து முடுக்கம் வந்தது என்று ஆசிரியர் ஒரு வரி சொல்லிவிட்டால் சொல் திறந்துகொள்ளும். சொல்லாவிட்டால் அதுவும் 'ஆக்சிலரேஷன்' போல ஒரு மனப்பாடச் சொல்தான். இருந்தாலும் இந்தத் தூரம் ஒரே மொழிக்குள் இருக்கும் தூரம். ஒரு வாக்கியத்தின் பாலம் போதும்.

சிலருக்குத் தமிழே இரண்டாம் மொழி. வீரவநல்லூரில் சௌராஷ்டிரம் பேசும் வீடுகள் உண்டு. பாபநாசம் மலைக் காணி மக்களுக்குத் தனிப் பேச்சு உண்டு. பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. சைகையை முதல் மொழியாகக் கொண்ட அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து வேறொரு மொழியே. பயிற்றுமொழிச் சிக்கலை அந்தப் பள்ளி ஆசிரியர்களைவிட அதிகம் அறிந்தவர்கள் இந்தப் பகுதியில் இருக்க முடியாது.

பெயரளவில் ஆங்கில வழி

ஆங்கில வழி வகுப்பு எப்படி நடக்கிறது? பெரும்பாலான இடங்களில் ஆசிரியர் பத்தியை ஆங்கிலத்தில் வாசிக்கிறார், தமிழில் விளக்குகிறார், விடையை ஆங்கிலத்தில் எழுதிப்போடுகிறார். பிள்ளை தமிழில் புரிந்துகொள்கிறது, ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்கிறது.

தமிழில் விளக்குவது குற்றமல்ல. பிள்ளைக்குப் புரியும் மொழியில் விளக்காமல் வேறு எப்படி விளக்குவது? வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் போடும் வழக்கம்தான் மூடத்தனம். சந்தேகம் கேட்கும் வாயை அது அடைத்துவிடுகிறது. இந்த முறையில் விடுபட்டுப்போவது, புரிந்ததைச் சொந்த ஆங்கில வாக்கியமாக மாற்றும் இடைப்படி. தமிழில் புரிந்ததற்கும் ஆங்கிலத்தில் எழுதியதற்கும் பிள்ளையின் தலைக்குள் தொடர்பே ஏற்படுவதில்லை.

புத்தகத்தின் பின்பக்க வினாக்கள் அப்படியே வரும் வரை இந்தக் குறை வெளியே தெரியாது. மதிப்பெண்ணும் வரும். வினாவைச் சற்றே மாற்றிக் கேட்டால், அல்லது கணக்கீடு கேட்கும் கட்டாய வினா வந்தால், ஓட்டம் நின்றுவிடும். பதினொன்றாம் வகுப்பில் பாடப்பரப்பு பெருகும்போது முழுவதையும் மனப்பாடம் செய்ய இடமில்லாமல் போகிறது. பத்தாம் வகுப்பில் 450 எடுத்த பிள்ளை அடுத்த ஆண்டு இயற்பியலில் தடுமாறுவதைப் பார்த்து வீடு திகைக்கிறது.

தமிழ் வழியில் நன்றாகப் படித்து வந்தவருக்கு இதே மோதல் கல்லூரியில் நடக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளைத் தமிழ் வழியில் தொடங்கியது. மற்றபடி பொறியியல், மருத்துவம், செவிலியர் படிப்பு எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். முதல் செமஸ்டர் அரியர்களில் ஒரு பங்கு இந்த மோதலின் கணக்கில் சேர வேண்டும். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. இவருக்குக் கருத்து தெரியும், சொல் தெரியாது. மனப்பாடத்தில் வந்தவருக்குச் சொல் தெரியும், கருத்து தெரியாது. முதலாமவர் ஓராண்டில் தேறிவிட வாய்ப்பு அதிகம்.

தமிழில் அறிவியல் சொல்ல முடியாது என்ற வாதத்துக்கு இந்தச் சீமையில் இடமே இருக்கக் கூடாது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் பாதிரியார் தமிழில் புவியியல் நூல் எழுதினார். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் 1864 முதல் மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். முடியுமா என்பது அன்றே தீர்ந்துபோன கேள்வி.

சிக்கல் எந்தப் படியில்? வீட்டிலேயே ஒரு சோதனை

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆன் நியூமன் 1977இல் ஒரு முறையை வெளியிட்டார். வாக்கியக் கணக்கில் தவறிய பிள்ளையிடம் ஐந்து கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும்.

1. வினாவைச் சத்தமாக வாசி. (வாசிக்க வருகிறதா?)
2. என்ன கேட்கிறார்கள்? (புரிகிறதா?)
3. எப்படிச் செய்யப்போகிறாய்? (கூட்டலா, வகுத்தலா என்று தேர்ந்தெடுக்க முடிகிறதா?)
4. செய்து காட்டு. (கணக்கு வருகிறதா?)
5. விடையை எழுது. (முழுமையாக, அலகோடு எழுத வருகிறதா?)

நம் ஊருக்கு இதில் ஒரு திருத்தம் வேண்டும். இரண்டாம் படியிலோ மூன்றாம் படியிலோ பிள்ளை நின்றுவிட்டால், அதே கணக்கைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். உடனே செய்துவிட்டால் சிக்கல் மொழியில் இருக்கிறது. தமிழில் சொன்ன பிறகும் நின்றால் கருத்து விளங்கவில்லை. நான்காம் படியில் தவறினால்தான் வாய்ப்பாடும் பயிற்சியும் வேண்டும், டியூஷனுக்கும் பொருள் உண்டு. இதைச் செய்ய அம்மாவுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பத்து கணக்குகளை வைத்து ஒரு மாலைப்பொழுதில் பார்த்துவிடலாம்.

வழி மாறுமுன் தெரிந்திருக்க வேண்டிய சட்டங்கள்

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பயிற்றுமொழி நடைமுறைக்கு இயன்றவரை பிள்ளையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. "இயன்றவரை" என்ற சொல் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. கர்நாடக வழக்கில் 2014இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, தாய்மொழி வழியைத் தனியார் பள்ளிகள்மீது அரசு திணிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. ஆகவே முடிவு பெற்றோர் கையில்.

பலர் குழப்பிக்கொள்ளும் இரண்டு சலுகைகள் உண்டு. மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. எந்த வழியில் படித்தாலும் சரி. அரசு வேலையில் தமிழ் வழியில் பயின்றோருக்கான 20 விழுக்காடு முன்னுரிமை 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. இங்கே வழிதான் முக்கியம். தொடக்கத்தில் பட்டப்படிப்பை மட்டும் தமிழ் வழியில் முடித்தவர்களும் இதைக் கோரினார்கள். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பள்ளிப் படிப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். ஆறாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாற்றும்போது இந்த வாய்ப்பையும் சேர்த்தே விட்டுக்கொடுக்கிறோம் என்பதைப் பள்ளி அலுவலகத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

நீட் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வினாவே இறுதி. 2018இல் 49 வினாக்களின் தமிழாக்கம் பிழை என்று வழக்கு வந்தபோது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்க உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தமிழில் எழுதுபவரும் ஆங்கில வினாவை ஒப்பிட்டுப் படிக்கப் பழகியிருக்க வேண்டும் என்பதே இதனால் வந்த நிலைமை.

மாறிவிட்ட பிள்ளைக்கு

மாநிலப் பாடத்திட்டத்தில் தமிழ், ஆங்கிலப் பாடநூல்கள் இரண்டும் ஒரே பாடங்களை ஒரே வரிசையில் கொண்டவை. படங்களும் பெரும்பாலும் அவையே. அரசின் இணையத்தளத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. ஆங்கில வழிப் பிள்ளைக்குத் தமிழ் நூலைவிட நல்ல கைடு கிடையாது. வகுப்பில் பாடம் நடத்துவதற்கு முந்தைய நாள் தமிழ்ப் பாடத்தை ஒருமுறை வாசிக்கச் செய்தால் போதும். மறுநாள் ஆங்கில வாக்கியத்தில் பிள்ளை தேடுவது பொருளை அல்ல, ஏற்கெனவே தெரிந்த பொருளுக்கான சொல்லை.

ஒரு நோட்டில் மூன்று பத்திகள் பிரித்து ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், பிள்ளையே அமைத்த ஒரு வாக்கியம் என்று எழுதிவரலாம். அதில் 'ஃபோட்டோசிந்தசிஸ்' இருப்பதைவிட 'அன்லெஸ்' இருப்பது முக்கியம். வினாவின் ஏவல் சொற்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்: எது வரையறு, எது வேறுபடுத்து, எது வருவி, எது காரணம் கூறு. மனப்பாடம் செய்த விடையைப் புத்தகத்தை மூடிவிட்டுத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் அது இன்னும் படிக்கப்படவில்லை என்று பொருள்.

பிள்ளைக்கு உதவுவதாக எண்ணி, வீட்டில் தமிழை விட்டுத் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் பேசத் தொடங்கும் பெற்றோரும் உண்டு. அதனால் பிள்ளைக்குக் கிடைப்பது குறைந்த சொற்களும் குட்டையான வாக்கியங்களும். தமிழில் நீளமாக யோசித்துக் காரணம் சொல்லப் பழகிய திறன் இன்னொரு மொழிக்கும் கூடவே வரும் என்று கம்மின்ஸ் அதே 1979இல் சொன்னார். களக்காட்டு வாழைத்தோப்பில் ஒரு தாரில் எத்தனை சீப்பு, சீப்புக்கு எத்தனை காய், வியாபாரி சொல்லும் விலை கட்டுமா என்று அப்பா தமிழில் விலாவாரியாகப் பேசுவது கணக்குப் பாடத்தில் சேர்த்திதான்.

தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரி போகிறவர், தேர்வு முடிவதற்கும் கல்லூரி திறப்பதற்கும் இடையே உள்ள மாதங்களில் இதையே திருப்பிச் செய்யலாம். தான் நன்கு அறிந்த பதினொன்றாம் வகுப்புப் பாடங்களை ஆங்கில நூலில் படிப்பது. புதுப் பாடத்தைத் தொடவே வேண்டாம். நாளைக்கு நான்கு பக்கம் என்றால்கூட இரண்டு மாதத்தில் 240 பக்கம் ஆகிறது.